எதிர்பார்ப்பைக் கழித்துவிட்டு ஒரு படத்தை எடைபோடுவது எப்படி?

2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வெளியானபோது, அத்தை மகன்கள் மூவரோடு மாலைக் காட்சிக்குப் போயிருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ‘பம்மல் கே. சம்பந்தம்’, ‘பஞ்சதந்திரம்’ என்று கமல்ஹாசனின் இரண்டு நகைச்சுவைப் படங்கள் வந்திருந்தன. இயக்குநர் சுந்தர்.சி என்றாலோ ‘உள்ளத்தை அள்ளித்தா’தான் எங்கள் நினைவில் நின்றது. பண்டிகை நாள், புதுச்சட்டை, கையில் முறுக்குப் பொட்டலம் என்று சிரிப்பதற்குத் தயாராகவே இருக்கையில் உட்கார்ந்தோம். புவனேஸ்வர் விமான நிலையத்தில் மழையால் சிக்கிக்கொண்ட இருவர் ஒருவரோடு ஒருவர் உரசிக்கொள்ளும் காட்சிகள் வரை அரங்கில் சிரிப்புக்குக் குறைவில்லை. கதை பொதுவுடைமை, வீதி நாடகம், விபத்து, சாவு என்று வேறு பக்கம் திரும்பியதும் நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். வெளியே வந்ததும் மூத்த மச்சான், “பொங்கலும் அதுவுமா இப்படியா படம் எடுப்பாங்க?” என்றார், நானும் ஆமாம் என்றேன். சில ஆண்டுகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் அதே படம் ஓடிக்கொண்டிருந்தபோது, எதையும் எதிர்பாராமல் அதன் முன்னால் உட்கார்ந்தவன், பரிமாறி வைத்த சோறு ஆறிப்போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

வசனம், இசை, நடிப்பு ஆகியவற்றில் இடைப்பட்ட காலத்தில் எந்த மாற்றமும் நிகழவில்லை. அன்று நான் கொண்டுபோன பொங்கல் மனநிலை மட்டும் இந்த முறை உடன் வரவில்லை. வெளியானபோது வசூலில் தோற்ற அந்தப் படத்தை இன்று எத்தனையோ பேர் நெஞ்சாரப் பாராட்டுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, அன்றைக்குத் தவறாக எடைபோட்டவர்கள் எங்கள் வரிசையில் இருந்த நால்வர் மட்டும் அல்லர் என்பது தெரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான், ஒரு படத்தைப் பற்றி நான் சொல்லும் தீர்ப்பில் படத்தின் பங்கு எவ்வளவு, என் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். இருபது ஆண்டுகளாகச் செய்து பார்த்துத் திருத்திக்கொண்ட அந்த வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதிர்பார்ப்பே இல்லாமல் படம் பார்க்க வேண்டும் என்று பலர் அறிவுரை சொல்வதுண்டு. அது நடக்கிற காரியம் அன்று. சுவரொட்டியின் நிறம், நாயகனின் பெயர், அனுமதிச்சீட்டின் விலை, உடன் வருபவரின் முகம் என்று ஒவ்வொன்றும் நமக்குள் எதையோ எழுதிவிடுகிறது. தூக்குச்சட்டியில் எண்ணெய் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் வெறும் சட்டியை எடைபோட்டுக்கொண்டு, பிறகு மொத்த எடையிலிருந்து அதைக் கழிப்பார். எதிர்பார்ப்பையும் அப்படித்தான் நடத்த வேண்டும். அதை வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது. ஆனால் அதன் எடையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும்.

படத்துக்குப் போகும் முன்

ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்து, நாளும் படத்தின் பெயரும் எழுதி, அதன் கீழ் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இது எப்படிப்பட்ட படமாக இருக்கும் என்று நினைக்கிறேன்? எந்த அளவுக்கு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்? இந்த நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இதை மனத்துக்குள்ளேயே செய்துகொண்டால் போதாது. படம் முடிந்த பிறகு, “நான் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லையே” என்று மனம் தன் பழைய நினைப்பைத் திருத்தி எழுதிக்கொள்ளும். தாளில் எழுதியதை அப்படித் திருத்த முடியாது.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது முன்னோட்டமும் நட்சத்திரமும் முதலில் கண்ணில் படும். எளிதில் கண்ணில் படாத இடங்களையும் தேடுங்கள். தலைப்பே ஓர் எதிர்பார்ப்பு. 2010 பொங்கலுக்குச் செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தபோது, அந்தப் பெயரைக் கேட்டதும் பெரியவர்கள் பலருக்கும் 1965-இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நடித்த படமும் அதன் கடலும் கப்பலும் வாள்வீச்சும்தான் நினைவுக்கு வந்தன. புதிய படம் காட்டியதோ, மறைந்து வாழும் சோழர் கூட்டம் ஒன்றின் பசியையும் வெறியையும் அழிவையும். பெயர் ஒன்றைச் சொல்ல, படம் வேறொன்றைச் சொன்னது. படம் வந்தபோது கருத்துகள் பிளவுபட்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் காரணங்களின் பட்டியலில் இதற்கு இடம் உண்டு.

அதற்கு முன் பார்த்த படமும் அப்படித்தான். அமெரிக்காவில் 1982 ஜூன் 11 அன்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வெளியானது, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த அன்பான உயிர் ஒன்று ஒரு சிறுவனோடு நட்பாகும் கதை. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’ வெளியானது. அதிலும் வேற்றுக்கிரக உயிர்தான், ஆனால் அண்டார்டிகாவில் மனித உடல்களுக்குள் புகுந்து உருக்குலைக்கும் உயிர். கண்ணீரோடு ஒரு வேற்றுக்கிரகவாசியை வழியனுப்பிவிட்டு வந்திருந்த மக்களுக்கு இது அருவருப்பாக இருந்தது. விமர்சகர்களும் கடுமையாகவே எழுதினார்கள். இன்று அது திகில் படங்களின் உச்சங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆகவே உங்கள் குறிப்பேட்டில், கடைசியாகப் பார்த்த படத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். முந்தைய நாள் மிகச் சிறந்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தால், இன்றைய படம் பாதி பலத்தோடுதான் பந்தயத்தில் ஓடுகிறது.

மதிப்பெண்களைப் பார்த்துவிட்டுப் போகிறவராக இருந்தால், மதிப்பெண் போடுபவரின் அளவுகோலையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனந்த விகடன் திரை விமர்சனங்களுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டபோது, 1977-இல் வந்த ‘16 வயதினிலே’ பெற்ற 62.5-ஐத்தான் உச்சமாகச் சொல்வார்கள். இதை அறிந்த வாசகர் 45 என்ற எண்ணைப் பார்த்ததும் குடும்பத்தோடு கிளம்பினார். அறியாதவர், பள்ளித் தேர்வின் கண்ணால் பார்த்து, சுமாரான படம் என்று நினைத்தார். எண் ஒன்றுதான், அது எழுப்பிய எதிர்பார்ப்பு ஆளுக்கு ஆள் வேறு.

இன்னொரு சிறிய செய்தி. படம் தொடங்கும் முன் திரையில் தோன்றும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். மூன்று மணி நேரத்தை நெருங்கும் எண்ணை அதில் பார்த்த நொடியிலேயே சலிப்பு தொடங்கிவிடுவதை என்னிடமே கவனித்திருக்கிறேன். இப்போதெல்லாம் அந்தச் சில நொடிகளில் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொள்கிறேன்.

விமர்சனத்தை எப்போது படிப்பது?

படம் பார்த்த பிறகு படியுங்கள். இதை நான் விருப்பம் சார்ந்து சொல்லவில்லை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மதுக்கூடத்துக்கு வந்தவர்களுக்கு இரண்டு வகை பீர் கொடுத்தார்கள். ஒன்று சாதாரணமானது, மற்றதில் சில சொட்டு வினிகர் கலந்திருந்தது. வினிகர் கலந்ததைச் சொல்லாமல் கொடுத்தபோது நிறையப் பேருக்கு அதுதான் பிடித்திருந்தது. குடிக்கும் முன்பே சொல்லிவிட்டபோது அதை விரும்பியவர்களின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. குடித்து முடித்த பிறகு அதைத் தெரிந்துகொண்டவர்களிடமோ, எதுவும் அறியாதவர்களைப் போலவே, விருப்பம் குறையாமல் இருந்தது. செய்தி ஒன்றே, அது வந்த நேரம்தான் நாக்கையே மாற்றிவிட்டது. முன்னால் வரும் சொல் சுவைக்குள் புகுந்துகொள்கிறது. பின்னால் வரும் சொல்லுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

இது திரையரங்கில் எப்படி நடக்கும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்தின் இடைவேளையில், கையில் தேநீர்க் குவளையோடு வரிசையிலிருந்து வெளியே வந்தபோது, கைப்பேசியில் நண்பரின் செய்தி மின்னியது: “செகண்ட் ஹாஃப் இழுவை. தூங்கிட்டேன்.” மீண்டும் உள்ளே போய் உட்கார்ந்தேன். வயதான தாய் ஒருத்தி கொடியில் துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போடும் காட்சி வந்தது, வசனம் இல்லை, இசையும் இல்லை. அந்தக் காட்சி எவ்வளவு நேரம் ஓடியது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது முழுவதும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது ‘இழுவை’ என்ற சொல் மட்டுமே. மறு வாரம் தனியாகப் போய் அதே காட்சியைப் பார்த்தபோதுதான், அவள் கடைசியாக எடுத்து உதறியது இறந்துபோன மகனின் சட்டை என்பதைக் கவனித்தேன். முதல் முறை அந்தச் சட்டை என் கண்ணெதிரே இருந்தும் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகு காட்சி முடியும் வரை கைப்பேசியை அணைத்தே வைக்கிறேன்.

இடைவேளையில் ஒரு வரி

இடைவேளை என்பது நம் ஊர்ப் பார்வையாளருக்குக் கிடைத்திருக்கும் நல்ல வசதி. அந்த நேரத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்தப் படம் என்ன செய்ய முயல்கிறது? அது நன்றாகச் செய்கிறதா என்ற கேள்வியை இப்போது எழுப்ப வேண்டாம். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த வரியையும் இந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மேலே பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், எழுதிக்கொண்டு வந்ததை ஒரு கோட்டால் அடித்துவிட்டு உள்ளே போங்கள். 2010 ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தின் முதல் பாதி, ஆபத்துகளைத் தாண்டித் தாண்டிப் போகும் சாகசப் பயணம். இரண்டாம் பாதி அந்தப் பயணம் போய்ச் சேர்ந்த இடத்தின் துயரம். இடைவேளைக்குப் பிறகும் சாகசத்தையே கேட்டுக்கொண்டிருந்தவருக்குப் படம் தடம்புரண்டதாகத் தோன்றியது. தன் கேள்வியை மாற்றிக்கொண்டவருக்கு, பார்த்திபன் நடித்த சோழ மன்னனின் நடை ஒன்றே சீட்டின் விலைக்கு ஈடாக இருந்தது.

உள்ளே எழுந்ததா, வெளியிலிருந்து வந்ததா?

இந்த வழிமுறையில் மிகக் கடினமான பகுதி இதுதான். படம் முடிந்ததும் ஏமாற்றம் ஏற்பட்டால், அந்த எதிர்பார்ப்பை எழுப்பியது யார் என்று கேட்க வேண்டும்.

படத்துக்கு வெளியே எழுந்த எதிர்பார்ப்புக்குப் படம் பொறுப்பன்று. நாயகனின் முந்தைய வெற்றி, முதல் நாள் முதல் காட்சியின் ஆரவாரம், பாடல் வெளியீட்டு மேடையில் யாரோ சொன்ன பெரிய வார்த்தை ஆகியவை இந்த வகை. முன்னோட்டம் நடுவில் நிற்கிறது. சிரிப்புக் காட்சிகளை மட்டும் கோத்துத் துயரமான படத்தை விற்றிருந்தால், காசு கொடுத்தவருக்குக் கோபப்பட முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கோபம் விற்றவர் மேல் போக வேண்டியது; இயக்குநரின் வேலையை எடைபோடும்போது அதை ஓரமாக வைக்க வேண்டும்.

படம் தனக்குள் தானே எழுப்பும் எதிர்பார்ப்பின் கதை வேறு. முதல் காட்சியில் ஒரு கொலையைக் காட்டி, யார் செய்தது என்று இரண்டு மணி நேரம் தேடவைத்துவிட்டு, கடைசியில் அதுவரை திரையில் வராத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினால், அது படம் கொடுத்த வாக்கை மீறுவதாகும். நாயகியை வழக்கறிஞர் என்று அறிமுகப்படுத்திவிட்டு, கதையின் எந்த முடிச்சிலும் அவள் படிப்புக்கு வேலை கொடுக்காமல் விட்டால் அதுவும் குறைதான். இந்த வகை ஏமாற்றத்தைத் தயக்கமில்லாமல் படத்தின் கணக்கில் எழுதுங்கள்.

இரண்டையும் கலந்து கையாளும் வித்தகர்களும் உண்டு. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960-இல் வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று திரையரங்குகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. சுவரொட்டியில் இருந்த நட்சத்திரம் ஜேனட் லீயின் பாத்திரம் படம் பாதியை எட்டும் முன்பே கொல்லப்பட்டுவிடுகிறது; தாமதமாக வருபவர், அவர் எப்போது வருவார் என்று கடைசி வரை காத்துக்கொண்டிருக்க நேரும். நட்சத்திரம் சாகாது என்ற, வெளியிலிருந்து வந்த நம்பிக்கையைக் கருவியாக எடுத்துக்கொண்டு அந்தப் படம் அதிர்ச்சியை உண்டாக்கியது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதற்காக அதைக் குறையாகச் சொன்னால், படத்தின் உயிரையே குறையாகச் சொன்னதாகும்.

சிறிய படங்களின் மேல் உள்ள சலுகை

எதிர்பார்ப்பு படங்களைத் தாழ்த்துவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உயர்த்துவதைப் பற்றியும் பேச வேண்டும். “ஒண்ணும் எதிர்பார்க்காமப் போனேன், சூப்பரா இருந்துச்சு” என்று சொல்லும்போது, அந்த ‘சூப்பர்’ படத்தினுடையதா, தாழ்ந்திருந்த தரையினுடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுமுகங்கள் நடித்த, குறைந்த செலவில் எடுத்த படத்தில் இரண்டு நல்ல காட்சிகள் இருந்தாலே நாம் நெகிழ்ந்துவிடுகிறோம். அந்த நெகிழ்ச்சியை நான் மதிக்கிறேன், ஆனால் அது மதிப்பீடு ஆகாது. என் குறிப்பேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டும்போது, பெரிய படங்களின் மேல் நான் காட்டிய கடுமையைவிட, சிறிய படங்களுக்கு நான் கொடுத்த சலுகைதான் எண்ணிக்கையில் அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் இடைவெளி சிறிதாக இருந்தால், மனம் அதை மூடி மறைத்து, எதிர்பார்த்ததே கிடைத்ததாக நினைத்துக்கொள்ளும். இடைவெளி பெரிதானால், உள்ளதைவிடப் பெரிதாக்கிக் காட்டும். மனப்பான்மைகளைப் பற்றி ஆராய்ந்த முசாபர் ஷெரீப்பும் கார்ல் ஹோவ்லாண்டும் 1961-இல் இந்த இரு போக்குகளையும் விளக்கினார்கள். பிடித்த இயக்குநரின் சுமாரான படத்தை நல்ல படம் என்று சொல்லிவிட்டு, அதே இயக்குநரின் இன்னும் கொஞ்சம் சுமாரான படத்தைக் குப்பை என்று நாம் திட்டுவது இதனால்தான். இந்த இரண்டு பிழைகளையும் பிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பெரிய இயக்குநரின் படமானால், இதை ஒரு புதியவர் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுதுங்கள். புதியவரின் படமானால், இதே காட்சிகளை ஒரு பெரியவர் எடுத்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேனா என்று எழுதுங்கள். அந்த விடையும் நீங்கள் முதலில் சொன்ன தீர்ப்பும் வெகுதூரம் விலகி நின்றால், உங்கள் தீர்ப்பில் பெயருக்குத்தான் பெரும் பங்கு இருக்கிறது.

எதிர்பார்ப்பைச் சாக்காகச் சொல்லக் கூடாது

இதையெல்லாம் படித்துவிட்டு, ஓடாத படங்கள் எல்லாம் காலத்தை முந்திய படைப்புகள் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர், அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்கவைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எந்தப் பாடலை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்ற விவரம் எதுவும் காட்டப்படவில்லை. மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த உலகத்தின் எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். உலகத்துக்கு உலகம் வெற்றிபெற்ற பாடல்கள் மாறின. ஆனாலும் மிகச் சிறந்தவை பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகவில்லை. மிக மோசமானவை பெரும்பாலும் உச்சிக்கு ஏறவில்லை. நடுவில் இருந்தவற்றின் கதிதான் எப்படி வேண்டுமானாலும் அமைந்தது. படங்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். உங்கள் எதிர்பார்ப்பைக் கழித்துப் பார்த்த பிறகும் ஒரு படம் மோசமாகவே தெரிந்தால், அது மோசமான படம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

பிறருக்குச் சொல்லும்போது

நாம் படம் பார்த்துவிட்டு வந்து சொல்லும் சொல் அடுத்தவருக்கு எதிர்பார்ப்பாகிறது. நல்ல படத்தை நண்பருக்குச் சொல்லும் ஆசையில், “பார்த்தே ஆகணும், இப்படி ஒரு படம் வந்ததே இல்லை” என்று சொல்லிவிட்டால், அந்தப் படத்தின் தோள்மீது நாமே ஒரு மூட்டையை ஏற்றிவிடுகிறோம். அதன் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அதன் இயல்பை மட்டும் சொல்லுங்கள்: மெதுவாக நகரும், பேச்சு குறைவு, முடிவில் மனம் கனக்கும், குழந்தைகளோடு போக வேண்டாம். இவ்வளவு தெரிந்தால் அவர் சரியான மனநிலையில், சரியான நாளில், சரியான ஆளோடு போவார். 2003-இல் மச்சானிடம் யாராவது, “இரண்டு பேர் சேர்ந்து பயணம் போகிற கதை, சிரிப்பும் உண்டு, பிற்பகுதி கனமாக இருக்கும்” என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அவர் அந்தப் படத்தைப் பொங்கல் கழித்துப் பார்த்திருப்பார்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஓர் ஆண்டோ ஐந்து ஆண்டுகளோ கழித்து அதே படத்தை மீண்டும் பார்க்கும்போது, பழைய பக்கத்தைப் படிக்காமல் கையால் மறைத்துக்கொண்டு வலப்பக்கத்தில் எழுதுங்கள். வேறு நிற மையில் எழுதுவது நல்லது. நாளும், யாரோடு பார்த்தீர்கள் என்பதும் தவறாமல் இருக்கட்டும். பிறகு கையை எடுத்துவிட்டு இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள்.